கடற்காற்றும் உலோகக் காப்பும்

முன்னுரை

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகலாறு கடலை நாடிச் செல்லும் நிலப்பரப்பில் அமைந்தது வெருகலம்பதி. சித்திரவேலாயுத சுவாமி கோவில் கொண்டருளும் பெருமையால் ஈழத்துச் சைவ மக்கள் நெஞ்சில் நிலைபெற்ற இப்பதி, வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் தங்கிச் செல்லும் இடமுமாகும். ஒருபால் ஆறும் வயலும், மற்றொருபால் மணலும் கடலுமாக விளங்கும் இந்நாட்டில் வாழ்வோர்க்கு உப்புக்காற்று புதிய செய்தியன்று. கதவின் கீல் துருவேறி முனகுவதும், புளியிட்டு விளக்கிய செப்புக்குடம் சில நாளிற் கருமை கொள்வதும், மண்வெட்டியை எண்ணெய் தடவி வையாதவன் மறுபோகத்தில் வருந்துவதும் இங்கே அன்றாட நிகழ்ச்சிகள்.

மோட்டார் வண்டி வந்தபின் இவ்வருத்தம் புதியதொரு வடிவெடுத்தது. கண்ணாடிபோல மெருகிடப்பட்ட அலுமினியச் சில்லும், இயந்திரத்தின் மேல்மூடியும், மோட்டார் சைக்கிளின் இயந்திர உறையும் ஒரு மாரிகாலம் கழியுமுன்னரே வெண்புள்ளி படர்ந்து ஒளி மழுங்குகின்றன. உடையவர் அவற்றை முன்னிலும் கடுமையாகத் தேய்க்கின்றார். அவை முன்னிலும் விரைவாக மழுங்குகின்றன. அலுமினியம் துருப்பிடியாது என்று கேட்டறிந்தவர்க்கு இது வியப்பாகவும் இருக்கும்.

இவ்வியப்பு நீங்கவேண்டுமாயின், உலோகத்தை மனிதன் காத்துவந்த வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். அவ்வரலாற்றின் பல படிகளைத் திருகோணமலைத் துறைமுகத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் விட்டு அதிக தூரம் செல்லாமலே காணலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு. அப்படிகள் யாவும் உணர்த்தும் உண்மை ஒன்றே: உலோகத்தைக் காப்பது அதன் பளபளப்பன்று, அதன்மேற் படிந்துள்ள தோலேயாம்.

செம்பும் களிம்பும்

தமிழர் இல்லங்களில் நெடுங்காலம் வழங்கிய உலோகங்கள் செம்பும், பித்தளையும், வெண்கலமும், இரும்புமே. இவற்றுட் செம்பின் இயல்பைப் பண்டையோர் நன்கு கூர்ந்து நோக்கினர். ஆணவமலம் உயிரோடு அநாதியாகவே கூடியது என்பதை விளக்கவந்த சைவசித்தாந்த ஆசிரியர்கள், செம்பிற் களிம்பை உவமை காட்டினர். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கன்று, செம்புடனே பிறந்த குற்றம் என்பது அவ்வுவமையின் கருத்து. தத்துவத்துக்காகக் கூறப்பட்ட இவ்வுவமை இரசாயன நூலோர் கருத்துக்கும் பெரிதும் அண்மையது. மண்ணிலே தாதுப் பொருளாய்க் கிடந்ததை மனிதன் நெருப்பின் வலியாற் பிரித்தெடுத்து உலோகமாக்குகின்றான். அவ்வுலோகம் காற்றும் நீரும் உப்பும் வாய்த்த இடத்தில் மீண்டும் தாதுவின் நிலையையே நாடுகின்றது. களிம்பும் துருவும் இம்மீட்சியின் தோற்றங்களேயாம்.

இம்மீட்சியைத் தடுக்க மூதாதையர் கையாண்ட வழிகள் இரண்டு. படிந்ததைப் புளியும் சாம்பலும் கொண்டு துலக்கி நீக்குதல் ஒன்று. உலோகத்துக்கும் காற்றுக்குமிடையே வேறொரு பொருளைத் திரையிடுதல் மற்றொன்று. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தே ஈயம் பூசுதல் இரண்டாவது வகையின் சிறந்த எடுத்துக்காட்டு. பாத்திரத்தை நெருப்பிற் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி மேற்பரப்பைத் தூய்மையாக்கி, வெள்ளீயத்தைத் தொட்டு உருகவைத்துப் பஞ்சினால் ஒருங்கே பரப்புவர் அத்தொழிலாளர். புளிக்குழம்பு செம்பைத் தீண்டாதபடி காத்தது அவ்வெள்ளீயப் படலமே. படலம் தேய்ந்தபோது மீண்டும் பூசினர். ஒருமுறை பூசியதே ஆயுளுக்கும் போதும் என்று அவர்கள் கருதவில்லை. காப்பு என்பது தொடர்ந்து செய்யவேண்டிய பணி என்ற அறிவு அக்காலத்து இல்லத்தரசியருக்கு இயல்பாகவே இருந்தது.

மண்ணுட் கிடந்த திருவுருவங்கள்

களிம்பு எப்பொழுதும் கேட்டையே தரும் என்று கொள்ளுதல் பொருந்தாது. அதற்குச் சான்று திருகோணமலையிலேயே கிடைத்தது. பதினேழாம் நூற்றாண்டின் முதற் காலிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். அவ்வழிவிலிருந்து காக்கும்பொருட்டு அடியார் சிலர் திருவுருவங்களை மண்ணிற் புதைத்தனர். மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்து, 1950-ஆம் ஆண்டில், கிணறு தோண்டிய தொழிலாளர் கையில் அத்திருவுருவங்களுட் சில அகப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் முதலிய அவ்வுருவங்கள் பின்னர் வழிபாட்டுக்குரியனவாயின. புதுக்கியமைக்கப்பட்ட ஆலயத்துக்கு 1963-இற் குடமுழுக்கும் நிகழ்ந்தது.

கடலை அடுத்த மண்ணில், உப்பும் ஈரமும் சூழ, முந்நூறு ஆண்டுக்குமேற் கிடந்த உருவங்கள் தம் வடிவிழக்காது வெளிப்பட்டது எங்ஙனம்? அதே காலம் அதே மண்ணில் ஓர் இரும்புக் கத்தி கிடந்திருந்தால் செம்மண் கட்டியாகவே மாறியிருக்கும். செம்பை முதலாகக் கொண்ட வெண்கலத்தின் மேற்பரப்பிலே மெல்ல மெல்லப் படியும் பசுமையும் கருமையுங் கலந்த படலம் உலோகத்தோடு இறுகப் பற்றிக்கொள்வது. அது முற்றிய பின்னர் உள்ளிருக்கும் உலோகத்தைக் காற்றும் நீரும் எளிதில் அணுகமாட்டா. இரும்பின் துருவோ பொறிந்து உதிர்வது. உதிருந்தோறும் புதிய உலோகத்தை வெளிப்படுத்திப் புதிய அழிவுக்கு வழிகோலுவது. இரண்டும் உலோகத்தின் மேற்படிவுகளே. ஒன்று கவசம், மற்றொன்று நோய்.

எனினும் வெண்கலத்துக்கும் ஒரு பகை உண்டு. உப்பிலுள்ள குளோரைட்டு அப்படலத்தினுட் புகுந்து ஊறிவிடுமாயின், உருவம் மண்ணினின்று எடுக்கப்பட்ட பின்னரும் ஈரக்காற்றுப் பட்ட இடங்களில் வெளிர்பச்சைப் பொடி பூத்து உலோகத்தைக் குழிதோண்டும். இந்நோயைத் தீர்க்கும் முறைகளைத் தமிழ்நாட்டில் முறைப்படி ஆராய்ந்தது சென்னை அரசாங்க நூதனசாலையாகும். 1930-இல் அங்கே நிறுவப்பட்ட இரசாயனப் பாதுகாப்பு ஆய்வுகூடத்தில் சு. பரமசிவன் அவர்கள் மின்சாரத்தின் துணைகொண்டு வெண்கலப் படிமங்களைச் செப்பஞ்செய்யும் முறையைக் கையாண்டார். அம்முறையில், மேலோட்டை நீக்குவதினும் உள்ளே ஊறிய குளோரைட்டைத் தூய நீரில் மீண்டும் மீண்டும் கழுவி அகற்றுவதே இன்றியமையாததாகும். பழம் படிமங்களைக் கடும் அமிலமிட்டுப் பொன்போல மினுக்குவோர் இவ்விடத்தை ஊன்றி நோக்குதல் நன்று. அவர் அகற்றுவது அழுக்கையன்று. நூற்றாண்டுகள் நெய்து கொடுத்த கவசத்தையும், சிற்பி உளியாற் கீறிய நுண்ணிய கோடுகளையுமேயாம்.

கப்பலுக்குப் போர்த்த செப்புத்தகடு

திருகோணமலைத் துறைமுகம் உலகப் பேரரசுகளின் கண்ணையீர்த்த காலத்தில், உலோகக் காப்பின் மற்றொரு பாடத்தை மாலுமிகள் கற்றுக்கொண்டிருந்தனர். மரக்கலங்களின் அடிப்புறத்தைக் கடற்புழு துளைத்தலும், பாசியும் சிப்பியும் பற்றிக்கொள்ளுதலும் பெருந்தொல்லையாயின. இதனைத் தவிர்க்கும்பொருட்டு பிரித்தானியக் கடற்படையினர் 1761-இல் ‘அலாம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்தைச் செப்புத்தகட்டாற் போர்த்தனர். இரண்டாண்டு கழிய அதனைச் சோதித்தபோது செம்பு நன்றாகவே இருந்தது. ஆனால் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் அரித்துப்போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் கேடின்றி இருந்தன. காரணம் ஆராயப்பட்டபோது, தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புத் தாள் அவ்விடங்களில் நீக்கப்படாது செம்புக்கும் இரும்புக்கும் இடையே கிடந்தது புலனாயிற்று.

ஒரு துண்டுத் தாள் ஓர் ஆணியைக் காத்தது! இதன் விளக்கம் அன்று எவர்க்கும் தெரியாது. இத்தாலிய நாட்டு வோல்ற்றா என்பார் இருவேறு உலோகங்களையும் உப்புநீரையும் கொண்டு மின்னோட்டத்தை உண்டாக்கிக் காட்டிய 1800-ஆம் ஆண்டுக்குப் பின்னரே அது விளங்கலாயிற்று. இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு உப்புநீரில் நனையுமாயின், அவற்றிடையே மின்னோட்டம் பிறக்கும். அவற்றுள் எளிதிற் கரையும் இயல்புடையது விரைந்து அழிந்து, மற்றையது காக்கப்படும். இவ்வுண்மையை 1824-இல் ஹம்பிறி டேவி என்னும் பேரறிஞர் தலைகீழாகப் பயன்படுத்தினார். செப்புத்தகட்டைக் காப்பதற்கு அதனோடு சிறிதளவு இரும்பையோ நாகத்தையோ பிணைத்தால், அது தன்னை அழித்துச் செம்பைக் காக்கும் என்றார். கொச்சியிற் கட்டப்பட்ட ‘சமராங்’ என்னும் கப்பலில் இது சோதிக்கப்பட்டது. செம்பு காக்கப்பட்டது உண்மையே. ஆனால் செம்பு கரையாமையினால் அதன் நஞ்சு நீரிற் கலவாது போகப் பாசியும் சிப்பியும் தாராளமாக வளர்ந்தன. கப்பற்படையினர் அம்முறையைக் கைவிட்டனர். ஒரு காப்பு மற்றொரு தேவையோடு முரணுதல் கூடும் என்பது இதனாற் பெறப்படும். எனினும் டேவியின் கருத்து மடியவில்லை. இன்று இரும்புக் கப்பல்களின் அடியிலும் மீன்பிடிப் படகின் இயந்திரங்களிலும் பிணைக்கப்படும் நாகக் கட்டிகள் அதன் வழித்தோன்றல்களே.

1795-இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைப்பற்றிய இத்துறைமுகம் 1957 வரை அவர்தம் கடற்படைத் தளமாக இருந்தது. 1817-இற் பம்பாயில் தேக்குமரத்தாற் கட்டப்பட்ட ஒரு போர்க்கப்பலுக்கு இவ்வூரின் பெயரே சூட்டப்பட்டது. ‘திருகோணமலை’ என்னும் அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹாட்டில்பூல் நகரிற் பேணப்பட்டு வருகின்றது.

அலுமினியத்தின் வருகை

மேற்கூறிய உலோகங்கள் யாவும் பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையன. அலுமினியமோ இளையது. களிமண்ணெங்கும் கலந்து கிடந்தும், ஒட்சிசனோடு அது கொண்டுள்ள பற்றின் மிகுதியால், 1825-இல் டென்மார்க்கு நாட்டு ஏர்ஸ்ற்றெட் என்பார் சிறிதளவு பிரித்தெடுக்கும் வரை அதனை எவரும் கண்டிலர். 1886-இல் அமெரிக்க நாட்டு ஹோல் என்பாரும் பிரெஞ்சு நாட்டு ஹெரூல் என்பாரும் ஒருவரையொருவர் அறியாமலே மின்சாரத்தால் அதனைப் பிரிக்கும் எளிய வழியைக் கண்டனர். அதுவரை விலையுயர்ந்த பொருளாயிருந்த அலுமினியம் அதன்பின் அடுக்களைக்கும் வந்தது.

தமிழ்நாட்டில் அதனை அடுக்களைக்குக் கொணர்ந்தவர் அல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். 1898-இற் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலை அவர் தொடக்கிவைத்தார். நலிவுற்ற கன்னார்க்கு ஒரு புதிய தொழிலைக் காட்டுதல் அவரது நோக்கம். 1903-இல் அத்தொழில் இந்திய அலுமினியக் கம்பனியின் கைக்கு மாறியது. செம்பிலும் பித்தளையிலும் அடித்துப் பழகிய கை அலுமினியத்திலும் எளிதிற் பழகிற்று. பேச்சுவழக்கில் அதனை ‘ஈயப்பாத்திரம்’ என்றும் மக்கள் அழைத்தனர். நிறத்தைக் கண்டு பழைய உலோகத்தின் பெயரைப் புதியதற்கு இட்டது போலவே, பழைய உலோகத்தைத் துலக்கும் முறையையும் புதியதற்குக் கையாண்டனர். தவறு அங்கேதான் தொடங்கிற்று.

அலுமினியம் காற்றைத் தீண்டிய கணமே அதன்மேல் ஒட்சைட்டுப் படலம் ஒன்று தோன்றிவிடுகின்றது. ஒரு மில்லிமீற்றரைப் பத்திலட்சங் கூறாக்கினால் அவற்றுட் சில கூறே அதன் தடிப்பு. ஆதலாற் கண்ணுக்குப் புலனாகாது. உலோகத்தின் ஒளியையும் மறையாது. நிறமற்ற இப்படலம் உலோகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்திக் கிடப்பது. கீறினால் உடனே மீண்டும் தோன்றுவது. மிக எளிதில் அழியவேண்டிய அலுமினியம் அழியாது நிற்பது இப்படலத்தின் வலியாலேயே. ஆனால் கடுங்காரமும் கடும்புளிப்பும் இதனைக் கரைத்துவிடும். சாம்பலின் காரமும், சலவைச் சோடாவும், சுண்ணாம்பும், சீமெந்துக் குழம்பும் பித்தளைக்குச் செய்யாத தீங்கை அலுமினியத்துக்குச் செய்யும். சாம்பலிட்டு விளக்கிய அலுமினியச் சட்டி கறுத்து ஒளியிழப்பதன் காரணம் இதுவே.

உப்பின் தீங்கு வேறுவகையானது. அது படலம் முழுவதையும் கரைப்பதில்லை. படலத்தில் நொய்மையான ஒரு புள்ளியைக் கண்டு அங்கே துளையிட்டு உட்புகுகின்றது. மேலே கடுகளவு வெண்பொடி தோன்றும்போது கீழே ஆழ்ந்த குழி உண்டாகியிருக்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டும்போது, படிந்துள்ள உப்பு தானே நீரை உறிஞ்சிக் கசியும். ஆகவே மழை பெய்யாத இரவிலும், கொட்டகையின் உள்ளே நிற்கும் வண்டியிலும் இவ்வரிப்பு நடைபெறுதல் கூடும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வெருகற் பகுதியில் இந்நிலை நாள்தோறும் வாய்க்கின்றது.

சீனன்குடாவும் கடல்விமானமும்

தூய அலுமினியம் மென்மையானது. அதனோடு நூற்றுக்கு நான்களவு செம்பைச் சேர்த்துச் சூடேற்றி நீரிற் குளிர்வித்தால், சில நாளில் அது தானே உறுதி பெறுவதை 1906-இல் ஜேர்மனி நாட்டு அல்பிரட் வில்ம் கண்டார். டியூரலுமின் எனப்பட்ட அக்கலவையே ஆகாயவிமானத் தொழிலுக்கு அடிப்படையாயிற்று. ஆனால் உறுதி தந்த செம்பே அரிப்புக்கும் வழி வகுத்தது. அலாம் கப்பலிற் செம்பும் இரும்பும் பகைத்ததுபோல, இக்கலவையின் உள்ளேயே செம்பு செறிந்த துணுக்குகளும் அலுமினியமும் உப்புநீரிற் பகைத்தன. நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் கடல்விமானங்களுக்கு இது உயிர்க்கேடான குறையாயிற்று.

குறையை நீக்க இரண்டு வழிகள் பிறந்தன. 1923-இல் இங்கிலாந்து நாட்டுப் பெங்கோ, ஸ்ருவாட் என்னும் இருவர், கடல்விமான உறுப்புக்களைக் குரோமிக்கமிலத்தில் அமிழ்த்தி, மின்னோட்டத்தின் நேர்முனையாக்கி, இயற்கைப் படலத்தினும் பன்மடங்கு தடித்த ஒட்சைட்டுப் படலத்தை வளர்த்தனர். 1927-இற் சல்பூரிக்கமிலத்தில் இதனைச் செய்யும் முறையும் வந்தது. இம்முறையில் வளரும் படலம், ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறாக்கினால் அவற்றுட் பெரும்பாலும் 5 முதல் 25 கூறு வரை தடிப்புடையது. அதன் நுண்டுளைகளைக் கொதிநீரில் இட்டு மூடிவிடுவர். வெளியிலிருந்து பூச்சொன்றைப் பூசாது, உலோகத்தின் சொந்தத் தோலையே தடிக்கச் செய்தல் இம்முறையின் சிறப்பு. அதே 1927-இல் அமெரிக்க நாட்டு எட்கார் டிக்ஸ் என்பார் டியூரலுமின் தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாக ஒட்டும் முறையை வெளியிட்டார். ‘அல்கிளாட்’ எனப்பட்ட அப்போர்வை கீறப்பட்ட இடத்திலும், டேவியின் இரும்புத்துண்டுபோலத் தன்னைக் கொடுத்து உள்ளிருப்பதைக் காத்தது.

இவ்விரண்டு காப்புக்களும் பெற்ற காலத்து விமானங்களே இரண்டாம் உலகப்போரின்போது திருகோணமலைக்கு வந்தன. 1942 ஏப்பிரல் 9-ஆம் நாள் யப்பானியர் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கினர். அவ்வாண்டு ஆகத்து மாதத்தில், ஒல்லாந்தக் கடற்படை விமானிகளைக் கொண்ட 321-ஆம் அணி சீனன்குடாவில் அமைக்கப்பட்டுக் ‘கற்றலீனா’ என்னும் கடல்விமானங்களைச் செலுத்திற்று. கடல்விமானங்களைப் பேணுவோர் எங்கும் கைக்கொள்ளும் விதி ஒன்றுண்டு: கடல்நீர் பட்ட உடலை நன்னீராற் கழுவுக; நீர் தேங்கும் இடங்களை உலர்த்துக; கீறல் கண்டால் அன்றே பூசுக. மின்சாரத்தாற் படலம் வளர்த்த பின்னரும் வாளியும் துணியும் ஒழியவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மோட்டார் வண்டியில் மெருகிட்ட அலுமினியம்

மோட்டார் வண்டித் தொழில் அலுமினியத்தைத் தொடக்க காலத்திலேயே பயன்படுத்தத் தொடங்கிற்று. 1924-இற் புகாற்றி நிறுவனம் தன் பந்தய வண்டிக்கு வார்ப்பு அலுமினியச் சில்லுகளை அமைத்தது. போர் முடிந்தபின் இங்கிலாந்தில் உருக்குத் தகடு கட்டுப்பாட்டிலிருந்தமையால், 1948-இல் வெளிவந்த லான்ட்ரோவர் வண்டியின் மேற்கூடு மகனீசியங் கலந்த அலுமினியத் தகட்டால் ஆக்கப்பட்டது. செம்பு கலவாத அக்கலவை உப்புக்காற்றை நன்கு தாங்குவது. ஆயினும் அத்தகடு உருக்குச் சட்டத்தையும் உருக்குத் திருகாணியையும் தொடும் இடங்களில் வெண்பொடி பூத்துக் கொப்புளித்தது. அலாம் கப்பலின் பாடம் இரு நூற்றாண்டின் பின் வீதியிலே மீண்டும் படிக்கப்பட்டது.

திருகோணமலையிலிருந்து மூதூர் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் வீதியிலே பாலங்கள் அமையுமுன், வண்டிகள் நீர்நிலைகளைப் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறியே கடந்தன. வெருகலாற்றிலும் அத்தகைய பாதை ஒன்று இருந்தது. பாதைகள் மறைந்து பாலங்கள் வந்துவிட்டன. கடற்காற்று மட்டும் மாறவில்லை. ஆகவே இப்பகுதியில் மெருகிட்ட அலுமினிய உறுப்புடைய வண்டியை வைத்திருப்போர், மேற்கூறிய வரலாற்றினின்று பெறத்தக்க முறைகளை இங்கே தொகுத்துக் கூறுதல் பயனுடைத்து.

முதலாவது, மெருகிடுதலே காப்பன்று. மெருகிடுந்தோறும் இயற்கைப் படலம் நீங்கி மெல்லிய புதுப்படலம் தோன்றுகின்றது. உலோகமும் சிறிது தேய்கின்றது. எனவே மெருகிட்டபின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, அன்றே மெழுகினாற் போர்த்தல் வேண்டும். மெழுகு காற்றையும் நீரையும் விலக்கும். ஆனால் வெயிலாலும் மழையாலும் தேயும். கடலை அண்டிய ஊர்களில் அதனைத் திங்கள்தோறும் புதுப்பித்தல் நலம். ஈயம் பூசியோர் அறிந்திருந்த விதியே இங்கும் விதி.

இரண்டாவது, உப்பைக் கழுவுதல். நன்னீரும், காரமில்லாத சவர்க்காரமும், மென்மையான துணியும் போதும். திருகாணியைச் சுற்றிய பள்ளங்களிலும் சில்லின் உட்புறத்திலும் நீர் நில்லாதபடி துடைத்து உலர்த்தல் வேண்டும். சாம்பல், சலவைச் சோடா, எரிசோடா, கடும் அமிலம் என்பவற்றை அறவே நீக்குதல் வேண்டும். இரும்புப் பஞ்சினால் தேய்த்தலும் தீது. அதன் துணுக்குகள் அலுமினியத்திற் பதிந்து, அவ்விடங்களில் அரிப்புக்கு வித்தாகும்.

மூன்றாவது, வேற்று உலோகத்தைத் தொடவிடாமை. பித்தளையும் செம்பும் அலுமினியத்துக்குப் பெரும் பகைகள். உப்பு நனைக்கும் இடத்தில் உருக்கும் அத்தகையதே. இடையே இறப்பர் வளையமோ, பூச்சோ, தடித்த கிறீசோ இருத்தல் வேண்டும். பழைய பழுப்புத் தாள் செய்த தொண்டை இவை செய்யும். குரோமேற்று கலந்த பூச்சுக்கள் இதற்கு நெடுங்காலம் வழங்கின. அவை புற்றுநோயை விளைப்பன என்பது தெளிவானபின் அவற்றின் பயன்பாடு பல நாடுகளிற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

நான்காவது, நிலையான காப்பைத் தெரிவுசெய்தல். நிறமற்ற வாணிசு பூசினால் மெருகு அப்படியே தெரியும். ஆனால் கல் பட்டு ஒரு மயிரளவு பெயருமாயின், உப்பு அதனுட் புகுந்து வாணிசின் கீழே புழு ஊர்ந்தாற்போல நூல்நூலாக அரித்துச் செல்லும். அந்நிலையில் மேலே தேய்த்துப் பயனில்லை. வாணிசை முழுதும் நீக்கி மீண்டும் பூசுதலே வழி. மின்முறைப் படலம் வாணிசினும் உறுதியானது. எனினும் கண்ணாடி மெருகின் ஒளியைச் சிறிது குறைக்கும். சிலிக்கன் மிகுந்த வார்ப்புக்களிற் சாம்பல் நிறத்தைத் தரும். ஒளியே பெரிதெனின் மெழுகும் உழைப்பும் வேண்டும். உழைப்புக் குறைய வேண்டுமெனின் ஒளியிற் சிறிது விட்டுக்கொடுத்தல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே வேண்டுவோர்க்கு, டேவியின் செப்புத்தகடும் அதிற் படர்ந்த பாசியும் நினைவுக்கு வருவதாக.

ஐந்தாவது, நெடுநாள் நிறுத்தும் வண்டியை ஈரச்சாக்காலோ, காற்றுப் புகாத விரிப்பாலோ மூடலாகாது. உலர்ந்து, மெழுகிட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்துதலே தக்கது. ஈரம் தங்கிய மூடி, திறந்த வெளியினும் விரைவாகக் கறையை உண்டாக்கும்.

முடிவுரை

செம்பு முதல் அலுமினியம் வரை இவ்வாறு நோக்குமிடத்து, மனிதன் உலோகத்தோடு நடத்திய போராட்டத்தில் வென்ற இடங்கள் எல்லாம் உலோகத்தின் இயல்பை அறிந்து அதன்வழி நின்ற இடங்களாகவே காணப்படுகின்றன. கோணேசர் திருவுருவங்களைக் காத்தது வெண்கலத்தின் சொந்தப் படலம். கடல்விமானத்தைக் காத்தது அலுமினியத்தின் சொந்தப் படலத்தை அறிவியலார் தடிக்கச்செய்த திறம். தோற்ற இடங்களோ, ஓர் உலோகத்துக்குப் பொருந்திய முறையை மற்றொன்றுக்கும் பொருந்தும் எனக் கருதிய இடங்களாம். பித்தளையைத் துலக்கிய கை அலுமினியத்தை அழித்தது அறியாமையாலன்றி அன்பின்மையாலன்று.

இவ்வறிவு வண்டிச் சொந்தக்காரருக்கு மட்டும் உரியதன்று. திருக்கோவில்களில் வெண்கலப் படிமங்களையும் விளக்குகளையும் பேணுவோர், பாடசாலை ஆய்வுகூடத்தைக் காப்போர், படகின் இயந்திரத்தை நம்பிக் கடலிற் செல்லும் மீனவர் ஆகிய அனைவருக்கும் அது வேண்டற்பாலது. வெருகற் கரையில் வீசும் காற்று நேற்றும் உப்பைக் கொணர்ந்தது, நாளையும் கொணரும். அதனைத் தடுத்தல் எவர்க்கும் ஆகாது. ஒரு வாளி நன்னீரும், உலர்ந்த துணியும், சிறிது மெழுகும், தேய்க்குமுன் சற்றே சிந்திக்கும் பொறுமையும் உடையவன் கையில் உலோகம் தன் ஆயுள் முழுதும் ஒளிரும்.